நத்தையின் பத்தாவது அதிசயம்

அத்தானுக்கு ஒன்பது உண்மை எந்தக் காலத்திலும் போதாது. பத்து வேண்டும். ஏன் பத்து என்று கேட்டால், ஒன்பது என்று வீடியோவுக்குத் தலைப்பு வைத்தால் ஒரு பயலும் திறந்து பார்க்க மாட்டானாம். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் இருக்கிறதே, பனியில் கட்டையாக உறைந்துபோன தவளை குளிர் போனதும் எழுந்து தத்திப் போகிறதே, வாம்பேட் என்று ஒரு மிருகம் சதுரம் சதுரமாகக் கழிகிறதே, இதெல்லாம் ஆச்சரியம் இல்லையா? ஊருக்கு ஆச்சரியம், அத்தானுக்கு இல்லை. கடவுள் படைத்ததில் அவருக்கு எப்போதும் ஒன்று குறைச்சல். அந்த ஒன்றை அவரே படைத்துக்கொள்வார்.

ஆபீஸில் அதற்குப் பெயரே 'பத்தாவது'. ஆபீஸ் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். அத்தான் வீட்டு மாடியில் இரண்டு அறை, இரண்டு கம்ப்யூட்டர், கடகடவென்று சுற்றும் ஒரு மின்விசிறி. விலங்குகளைப் பற்றி வாரம் மூன்று வீடியோ அங்கிருந்துதான் உலகத்துக்குக் கிளம்பியது. முதல் ஒன்பதையும் தேடிக் கொடுப்பவன் அகராதி. அது அவனுக்கு விழுந்த பட்டப்பெயர். தப்பில்லாமல் தேடுவான், தப்பில்லாமல் எழுதுவான், பத்தாம் எண்ணுக்கு எதிரே இடம் விட்டு அத்தான் மேஜையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். அதோடு அவன் மனசாட்சிக்கு விடுமுறை. அத்தான் மதியம் சாப்பிட்டு ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்து, கொட்டாவி விட்டுக்கொண்டே பத்தாவதைச் சொல்வார். ஒட்டகச்சிவிங்கி பௌர்ணமியன்று கண்ணை மூடாது என்பார். வவ்வால் தன்னை வளர்த்தவன் பெயரைச் சாகும்வரை மறக்காது என்பார். எவன் போய் ஒட்டகச்சிவிங்கி பக்கத்தில் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கப்போகிறான்? "புளுகினாலும் பொருந்தப் புளுகணும்" என்பார் அடிக்கடி. கொள்கை என்று அவரிடம் இருந்தது அது ஒன்றுதான்.

இந்தப் பத்தையும் ஊருக்கு வாசித்துச் சொன்னவள் சின்னவள். அத்தானின் மனைவிக்குக் கூடப்பிறந்த தங்கை. விலங்கியலில் முதுகலை. படித்த படிப்புக்கு ஒரு பள்ளிக்கூடமும் கூப்பிடவில்லை, தொண்டைக்கு அத்தான் கூப்பிட்டார். வீட்டில் வாயைத் திறந்தால் மிளகாய், மைக் முன்னால் உட்கார்ந்தால் வெல்லப்பாகு, அப்படி ஒரு குரல். ஒலிப்பதிவு நடந்தது அக்காவின் துணி அலமாரிக்குள். தொங்குகிற துணிகளுக்கு நடுவே தலையை நுழைத்து, முதுகில் ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பாச்சை உருண்டை நாற்றத்தில் மூச்சைப் பிடித்து, "வணக்கம் நண்பர்களே" என்பாள். வெளியே கேட்கிற நண்பர்கள் அவள் ஏதோ பூந்தோட்டத்தில் உட்கார்ந்து பேசுவதாக நினைத்துக்கொண்டு உருகுவார்கள்.

அந்த நண்பர்களை அவளுக்குக் கட்டோடு பிடிக்காது. அத்தானையும் பிடிக்காது, அகராதியையும் பிடிக்காது, ஆனாலும் அந்த நண்பர்கள் மேலிருந்த இளக்காரத்துக்கு அளவே கிடையாது. ஒன்பது உண்மைக்கும் ஒரு வார்த்தை எழுத மாட்டார்கள். பத்தாவது வந்ததும் கீழே வரிசையாக வந்து விழும். "ஆமாம், என் மாமா வளர்த்த வவ்வால் அப்படித்தான்." "மேடம், கேட்டதும் அழுதுட்டேன்." எந்த மாமா, எந்த வவ்வால்? கேக்குறவன் கேனையனா இருந்தா கேப்பையில நெய் வடியுதுன்னு சொல்வானாம். சொல்பவள் நான், கேட்பவன் அவன், இதில் என் மேல் என்ன தப்பு என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடுவாள்.

நத்தை வந்தது இப்படித்தான்.

அகராதி அன்றைக்கு அருமையாகத் தேடியிருந்தான். நத்தைக்கு ஆயிரக்கணக்கில் பல் உண்டு, நாக்கு மாதிரி ஒரு பட்டையில் வரிசை வரிசையாக. ஒரே நத்தை ஆணாகவும் பெண்ணாகவும் இருக்கும். மழை பொய்த்தால் ஓட்டின் வாயை மூடிக்கொண்டு மாதக்கணக்கில், சில ஜாதி வருஷக்கணக்கில் தூங்கும். கண் இருப்பது கொம்பு நுனியில். சவரக் கத்தியின் கூர்முனையில் ஏறி ஊர்ந்து போனாலும் உடம்பில் ஒரு கீறல் விழாது, அதன் வழவழப்பு அப்படி. சின்னவளுக்கே படிக்கும்போது மனசு குளிர்ந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

அத்தான் கொட்டாவி விட்டார். "கத்தி மேல போனாலும் வெட்டுப்படாதுன்னா, அந்தக் கோழையில ஏதோ இருக்கு. எழுதிக்கோ. சர்க்கரைப் புண்ணு மேல நத்தையை ஊர விட்டா ஆறாத புண்ணும் ஆறிடும். முன்னோர்கள் ரகசியம்னு ஒரு வார்த்தை சேத்துக்கோ."

"எந்த முன்னோர் அத்தான்?" என்றாள் சின்னவள்.

"யாரோ ஒரு முன்னோர். செத்தவங்க வந்து கேஸ் போடப்போறாங்களா?"

அகராதி சிரித்தான். சின்னவளும் உதட்டைச் சுழித்துச் சிரித்தாள். பிறகு அலமாரிக்குள் தலையை நுழைத்து, வழக்கத்தைவிட ஒரு கரண்டி அதிகமாகவே பாகு ஊற்றி, பத்தாவதை வாசித்து முடித்தாள். சேனல் ஆரம்பித்த நாளிலிருந்து எதையும் அத்தனை பேர் பார்த்ததில்லை. அத்தான் தரையில் கால் பாவாமல் நடந்தார்.

இப்போது அப்பாவுக்கு வருவோம். அம்மா போன பிறகு அப்பா சின்னவளோடுதான் இருந்தார். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். மனுஷன் ஒருத்தன் சொல்லையும் நம்பாதவர். மாப்பிள்ளைக் கோலத்தில் வந்தவனைக்கூட எழுப்பி டிக்கெட் கேட்டவர். பெண்டாட்டி ஊருக்குப் போய் வந்தால் அவளிடமே "டிக்கெட்டைக் காட்டு" என்று கையை நீட்டியவர். அப்பேர்ப்பட்டவர் ஓய்வு பெற்று, கையில் ஒரு போனும் கிடைத்த பிறகு, அது பேசுகிற எல்லாவற்றையும் நம்ப ஆரம்பித்தார். அதிலும் மகள் குரல் வருகிற சேனல் என்றால் கேட்கவே வேண்டாம். காதோரம் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்பார். நடுவில் சின்னவள் ஏதாவது பேசினால், "ஷ்ஷ், அவ பேசிட்டிருக்கா" என்று அதட்டுவார். அவள் என்றால் போனில் இருக்கிறவள். எதிரே தட்டைக் கழுவிக்கொண்டு நிற்கிறவள் வேறு யாரோ.

அவருக்குச் சர்க்கரை வியாதி, ரொம்ப வருஷமாக. வலது காலில் புதுச் செருப்பு கடித்து, சுண்டுவிரல் பக்கம் ஒரு புண் வந்திருந்தது. மருந்து வைத்துக் கட்டிக்கொள்கிறார் என்று சின்னவள் நினைத்திருந்தாள். கட்டுத்துணி குறையாமல் இருந்ததைக் கவனிக்கவில்லை. எப்படிக் கவனிப்பாள்? அவளுக்கு ஊரில் உள்ள மிருகங்களின் வண்டவாளமெல்லாம் தெரியும், வீட்டில் இருந்த மனுஷன் கால் தெரியாது.

முதலில் நாற்றம்தான் வந்தது. எலி செத்துக் கிடக்கிறதோ என்று கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தாள். எலி இல்லை. ஒரு கண்ணாடி பாட்டில் இருந்தது, மூடியில் ஆணி அடித்து ஓட்டை போட்டு. உள்ளே ஈர இலையும் ஏழெட்டு நத்தையும். அப்பா கட்டிலில் சாய்ந்து காலை நீட்டியிருந்தார். புண்ணின் மேல் ஒரு கொழுத்த நத்தை கொம்பை நீட்டிக்கொண்டு சாவகாசமாக நகர்ந்தது. இரண்டு விரல் கறுத்திருந்தன.

"அப்பா! என்ன கண்றாவி இது?"

"கத்தாதே, அது கொம்பை உள்ள இழுத்துக்கும்" என்றார் அப்பா. "தோட்டத்துச் சுவத்துல பிடிச்சேன். வேலை செய்யுது பார். முன்னாடி சுருக்குனு வலிக்கும். இப்ப வலியே இல்ல."

சர்க்கரைக்காரன் காலில் வலி நின்றால் அது நல்ல செய்தி இல்லை என்று அவளுக்குத் தெரியும். நத்தையைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்தாள், பாட்டிலையும் எறிந்தாள், அப்பா திட்டத் திட்ட அவரைத் தூக்கி வண்டியில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

டாக்டர் வயசில் சின்னவர், வாயில் பெரியவர். கையுறையோடு விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூஞ்சியைச் சுளித்தார். "இதுல என்னத்தைப் போட்டீங்க?"

அப்பா வாயைத் திறப்பதற்குள் சின்னவள் முந்திக்கொண்டாள். "தோட்டத்துல நடந்தாரு டாக்டர், மண்ணு பட்டுடுச்சு."

பொய் சொல்லப் பழகிய நாக்கு, தடங்கலே இல்லை. டாக்டர் அவளை ஒரு பார்வை பார்த்தார். "ரெண்டு விரல் போயாச்சு. இந்த வாரத்துக்குள்ள எடுத்துட்டா பாதம் தங்கும். தள்ளிப்போட்டா முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டி வரும். அதுக்கும் மேல போனா நான் பொறுப்பில்ல."

"எடுக்க வேணாம்" என்றார் அப்பா.

டாக்டர் எவ்வளவோ சொன்னார். அப்பா அசையவில்லை. கையெழுத்துப் போட மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் மறுபடி தோட்டத்துச் சுவருக்கு நொண்டி நொண்டிப் போனார். சின்னவள் ஓடிப்போய் வழியை மறித்து நின்றாள்.

"அப்பா, நான் சொல்றதைக் கேளுங்க. அந்த நத்தை சமாச்சாரம் சுத்தப் பொய். முன்னோரும் இல்ல, ரகசியமும் இல்ல. அத்தான் தூங்கி எழுந்து வாய்க்கு வந்ததைச் சொன்னாரு, நான் வாசிச்சேன். எப்பவுமே பத்தாவது பொய்தான் அப்பா."

அப்பா அவளை மேலும் கீழும் பார்த்தார். டிக்கெட் இல்லாதவனைப் பார்க்கிற அதே பார்வை. "டாக்டர் சொல்லிக் குடுத்தாரா?"

"யாரும் சொல்லிக் குடுக்கல. அது என் குரல் அப்பா, நான் சொல்றேன்."

"அவ அவ்வளவு தெளிவா, நிதானமாச் சொல்றா. நீ என்னடான்னா மூச்சு வாங்குது, கை நடுங்குது, கண்ணைப் பாத்துப் பேச மாட்டேங்குற. இதுல யாரு பொய் சொல்றான்னு எனக்குத் தெரியாதா? முப்பது வருஷம் இதைத்தானே பாத்தேன்" என்றார் அப்பா. "என்னை வெட்டிப்போட ஆளாளுக்கு அவசரப்படுறீங்க. வழி விடு."

தலையில் அடித்துக்கொள்வதைத் தவிர அவளுக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. பெற்ற அப்பனுக்கே காதில் பூச்சுற்றி, இப்போது அந்தப் பூவைப் பிடுங்க அவளாலேயே முடியவில்லை. எத்தனையோ லட்சம் பேரை நம்ப வைத்த நாக்கு, உண்மை பேசினால் ஒரு கிழவர்கூட மதிக்கவில்லை. அழுகையைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது. நேரே அத்தான் வீட்டு மாடிப்படி ஏறினாள்.

அத்தான் மேஜையில் காலைப் போட்டுக்கொண்டு அடுத்த பத்தாவதை யோசித்துக்கொண்டிருந்தார். அகராதி இறால் பற்றி எழுதியிருந்தான், ஓங்கிக் குத்தினால் சிப்பியை உடைத்துப்போடுகிற ஜாதி. அந்த உடைப்பு அத்தானுக்குப் போதவில்லை.

"நத்தை வீடியோவை எடுங்க" என்றாள் சின்னவள். "எடுத்துட்டு, அது பொய்னு ஒரு வீடியோ போடுங்க. நானே பேசுறேன். அப்பாவுக்கு ரெண்டு விரல் அழுகிப்போச்சு. சேனல் சொன்னாத்தான் நம்புவேங்கிறாரு."

அத்தான் காலை இறக்கினார். மாமனார் மேல் அவருக்குப் பாசம் உண்டு, அதை மறுக்க முடியாது. "ஐயையோ" என்றார், உண்மையாகவே பதறித்தான் போனார். ஒரு நிமிஷம் போனதும் பதற்றம் போய், கொட்டாவி விடும்போது வருகிற அதே முகம் வந்தது.

"எடுக்கிறதுன்னா எப்படி? நம்ம சேனலோட முகமே அதுதானே. பொய்னு நாமளே சொல்லிட்டா, நாளைக்கு ஆக்டோபஸுக்கு மூணு இதயம்னு சொன்னாலும் எவன் நம்புவான்? உண்மையைக் காப்பாத்தணும்னா இதெல்லாம் பாக்கக் கூடாது."

"உண்மையைக் காப்பாத்துறீங்களா நீங்க? கேக்கவே நல்லா இருக்கு அத்தான்!"

"கோவப்படாதே. இப்ப உனக்கு என்ன வேணும்? மாமா ஆபரேஷனுக்கு ஒத்துக்கணும். அதுக்குப் பொய்னு எதுக்குச் சொல்லணும்? வேற ஒண்ணு போடு. விரலை எடுக்கிறது நல்லதுன்னு சேனலே சொல்லட்டும். என்ன வேணா எழுதிக்கோ, பத்தாவதைக்கூட நீயே எழுதிக்கோ. நான் வாயே திறக்க மாட்டேன். நத்தை பாட்டுக்கு ஒரு ஓரமா இருக்கட்டும்."

டீ கொண்டுவந்த அக்கா வாசலிலேயே நின்றாள். அப்பா என்று கேட்டதும் கண் கலங்கியது, டீயைக் கீழே வைத்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவளும் புருஷன் பக்கமே சாய்ந்தாள். "அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்குடி. ஊரே கேட்டுச்சு. நம்ம அப்பாவைத் தவிர எவனாவது நத்தையைப் பிடிச்சுக் கால்ல விட்டிருப்பானா? கேட்டாங்க, சிரிச்சாங்க, போனாங்க."

அந்த இடத்தில் சின்னவள் நின்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அவளுக்கும் அதுவே தோன்றியது. அப்பாவைப் போல ஒரு அசடு உலகத்தில் இன்னொன்று இருக்க முடியாது என்று வெட்கமும் எரிச்சலுமாக நம்பினாள். அப்பா பிழைத்தால் போதும். நத்தை கிடந்தால் கிடந்துவிட்டுப் போகிறது. "சரி, இன்னைக்கே போடணும்" என்றாள். அத்தான் முகத்தில் ஒரு நிம்மதி பரவியதைப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் அலமாரிக் கதவைத் திறந்தாள்.

அகராதியும் அவளும் உட்கார்ந்து எழுதினார்கள். உயிர் பிழைக்க உறுப்பை உதறும் ஜீவன்கள். பல்லி வாலைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடும், போட்ட வால் துள்ளித் துள்ளி எதிரியை ஏமாற்றும். நண்டு மாட்டிக்கொண்ட காலை விட்டுவிட்டுப் போகும். நட்சத்திர மீன் ஒரு கையைத் தியாகம் செய்யும். கடல் வெள்ளரி குடலையே எதிரியின் முன்னால் கக்கிவிட்டு நழுவும். சிலந்தி விஷம் ஏறின காலை உதறிவிட்டு மிச்சக் காலால் நடக்கும். எல்லாம் உண்மை. பத்தாவதைச் சின்னவளே எழுதினாள். "பத்தாவது, மனிதன். கெட்டுப்போன விரலை விட மனமில்லாமல் காலையே இழக்கும் ஒரே ஜீவன் அவன்தான். அவனுக்குத் திரும்ப முளைக்காது நண்பர்களே. ஆனால் இரண்டு விரல் போனால் நடை இருக்கும், உயிர் இருக்கும். பல்லிக்கு இருக்கிற புத்தி நமக்கு வேண்டாமா?"

சேனல் ஆரம்பித்த நாளிலிருந்து முதல்முறையாகப் பத்தும் மெய்யாக இருந்தது. அகராதி அதை ஒரு தரம் படித்துப் பார்த்து, என்னவோ தொலைத்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

அப்பா சாயங்காலம் கேட்டார். பல்லி வந்ததும் தலையை ஆட்டினார். சிலந்தி வந்ததும் கறுத்த விரலைக் குனிந்து பார்த்துக்கொண்டார். முடிந்ததும் போனைக் கீழே வைத்தார்.

"பாத்தியா?" என்றார் சின்னவளிடம். "எப்படிப் புரியிற மாதிரி எடுத்துச் சொல்றா! நீயும் இருக்கியே, வந்து நின்னு கத்துற." கையெழுத்துப் போடப் பேனாவைக் கேட்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டு விரலோடு நின்றது, பாதம் தப்பியது. டாக்டர்கூட ஒரு தரம் சிரித்தார். சின்னவள் ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஆசை தீர அழுதாள், மூஞ்சியைக் கழுவிக்கொண்டாள், வீட்டுக்குப் போய்க் கஞ்சி காய்ச்சிக்கொண்டு திரும்பி வந்தாள். நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது. படிக்கட்டு ஏறும்போது மெல்ல ஒரு பாட்டுக்கூட முணுமுணுத்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வார்டில் அப்பா தலையணையைச் சுவரோடு நிமிர்த்தி வைத்து, ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கட்டிலில் ஒரு தையல்காரர். கழுத்தில் இன்னும் அளவு நாடா தொங்கியது. கழற்ற மனசு வரவில்லை போலிருக்கிறது. இடது கால் முழங்கால்வரை வீங்கி, பாதத்தில் துணி சுற்றியிருந்தது. அவர் மனைவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு பையில் துணிமணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"இதோ வந்துட்டா!" என்றார் அப்பா வார்டே கேட்க. "நான் சொன்னேன்ல, இவதான். எம் பொண்ணு."

தையல்காரர் எழ முயன்றார், முடியவில்லை. "அம்மா, நீங்களா அந்தக் குரல்?" என்றார். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. "கடையில மெஷின் மிதிக்கிறப்ப நாள் பூரா உங்க பேச்சுதாம்மா ஓடும். எங்களை மாதிரி ஆளுங்களுக்கு நல்லது சொல்ல யாரு இருக்கா?"

சின்னவள் கஞ்சிப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "என்னங்க ஆச்சு கால்ல?"

"ஊசி குத்தினது. சர்க்கரை வேற. பாதத்தோட எடுக்கணும்னு டாக்டர் பயமுறுத்துறாரு. மிதிக்கிற கால் போயிட்டா நான் எதை வச்சுப் பிழைக்கிறது? அதான் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டோம். இன்னிக்கு வீட்டுக்குக் கிளம்புறோம்." அவர் மனைவியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். "காட்டேன், மேடம்தானே."

மனைவி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, கட்டிலுக்குக் கீழே இருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தாள். மூடியில் ஊசியால் வரிசை பிசகாமல் ஓட்டை போட்டிருந்தது. உள்ளே கீரைத்தண்டு, ஈரத் துணி, அதன் மேல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நத்தைகள்.

"நர்சுக்குத் தெரியாம வச்சிருக்கோம்" என்றாள் பெருமையாக. "நீங்க சொன்ன நாள்லேர்ந்து ஒருநாள்கூட விடல. வலி சுத்தமா நின்னுடுச்சு."

சின்னவள் டப்பாவைப் பிடுங்கக் கையை நீட்டினாள். "அது பொய்" என்றாள். குரல் கீச்சென்று வந்தது. "அந்த நத்தைக் கதை சுத்தப் பொய். நான்தான் சொன்னேன், பொய்னு தெரிஞ்சே சொன்னேன். தூக்கிப் போடுங்க அதை. வீட்டுக்குப் போகாதீங்க. உங்க கையைப் பிடிச்சுக் கேக்குறேன், டாக்டர் சொல்றதைக் கேளுங்க."

தையல்காரர் அவளைப் பார்த்தார். மனைவி டப்பாவை மடியோடு சேர்த்துக்கொண்டாள். இரண்டு பேர் முகத்திலும் இருந்த மரியாதை கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதைச் சின்னவள் கண்ணால் பார்த்தாள்.

"டாக்டர் பேசச் சொன்னாரா?" என்றார் தையல்காரர்.

"இல்லைங்க, சத்தியமா இல்ல! அப்பா, நீங்களாவது சொல்லுங்களேன். உங்க விரல் போச்சே அதனாலதானே!"

அப்பா கஞ்சிப் பாத்திரத்தைத் திறந்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு ஒத்துக்கல" என்றார். "ஆளுக்கு ஆள் உடம்பு வேற. அதுக்காக நத்தை மேல பழி போட முடியுமா?" பிறகு தையல்காரர் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இவ நேர்ல எப்பவும் இப்படித்தான், படபடன்னு எதையாவது கொட்டுவா. அதெல்லாம் கணக்குல எடுத்துக்காதீங்க. போன்ல சொல்றதுதான் நிஜம்" என்றார்.

தையல்காரர் முகத்தில் தெளிவு வந்தது. மனைவி டப்பாவைப் பத்திரமாகப் பைக்குள் வைத்து, போனை எடுத்து அந்த வீடியோவை விரலால் தேடினாள். சின்னவள் பாய்ந்து கையைப் பிடிக்கப் போனாள். தையல்காரர் மனைவி போனை அந்தப் பக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டு அழுத்தினாள். "வணக்கம் நண்பர்களே" என்று வார்டு முழுக்கக் குரல் பரவியது. நிதானமாக, தெளிவாக, ஒரு கரண்டி அதிகமாகவே இனித்தது.

"நிறுத்துங்க!" என்று கத்தினாள் சின்னவள். "அதை நம்பாதீங்க!"

எதிர்க் கட்டிலில் காலில் கட்டோடு படுத்திருந்த ஒருவர் எரிச்சலோடு எழுந்து உட்கார்ந்து, கத்துகிற பெண்ணைக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லிவிட்டு, போனில் சத்தத்தைக் கூட்டி வைக்கச் சொன்னார்.